புலியைக் கொன்ற தப்பு

ஜப்பானியர் ஆட்சியில் இருந்த சியோலில், சிறுவர் கதைகள் எழுதும் பியோனின் வீட்டில் அச்சக முதலாளி ஹியோன் புதுக் கதைக்காகக் காத்திருந்தார். காகிதக் கதவுக்குப் பின்னால் எழுத்தாளரின் குரல் கெஞ்சியது.

"கோவப்படாதீங்க. புலியைச் சாகடிச்சது என் தப்புதாங்க. இப்பவே மாத்திடறேன்."

ஹியோனுக்கு வியர்த்தது. "உள்ள யாரு அண்ணி, ஜப்பான்காரத் தணிக்கை அதிகாரியா? என் அச்சகத்தை இழுத்து மூடிடுவாங்களே!"

"அவரைவிடப் பெரிய ஆளு," என்றாள் பியோனின் மனைவி. "அவங்க சரின்னு சொல்லாம இவரு ஒரு கதையையும் வெளிய விடமாட்டாரு."

கதவு நகர்ந்தது. ஹியோன் பதறி எழுந்து இடுப்பு வரை குனிந்தார். கண்ணெதிரே இரண்டு சின்னஞ்சிறு காலுறைகள். ஒன்றில் ஓட்டை.

"புலி பொழச்சிடுச்சு. இனிமே அச்சடிக்கலாம்," என்றாள் பக்கத்து வீட்டு ஐந்து வயதுச் சிறுமி, மூக்கை உறிஞ்சியபடி.

ஹியோன் நிமிரவில்லை.

"உத்தரவுங்க," என்றார்.