கணக்கு முழுசு, மற்றது பாதி

பரீட்சை முடிவு செல்போனில் வந்ததும் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“நீங்களே மார்க்கைக் கூட்டிச் சொல்லுங்கப்பா. நூத்தி எண்பத்தஞ்சு வந்தாத்தான் இன்ஜினியரிங் சீட்டு.”

எதைப் பாதியாக்கி எதோடு கூட்டுவது என்று நேற்றே பாடம் எடுத்திருந்தாள். அப்பா கூரையைப் பார்த்து உதட்டை அசைத்தார். அவர் மனக்கணக்குப் போடும்போது அந்த வீட்டு மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும்.

“நூத்தி முப்பத்தொம்பது.”

மகள் தேம்பத் தொடங்கினாள்.

“ஏங்க, இன்னொரு தரம் நல்லாப் பாருங்க” என்றாள் அம்மா.

“முப்பது வருஷத்துல என் கணக்கு தப்பினதே இல்லடி!”

மகள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். “கணக்குப் பாடத்துல எவ்வளவுப்பா?”

“தொண்ணூத்தாறு. அதுல பாதி நாப்பத்தெட்டு...”

“ஐயோ அப்பா! இயற்பியலும் வேதியியலும்தான் பாதி. கணக்கு முழுசு! அதை ஏன் பாதியாக்கினீங்க?”

“எதையும் ரெண்டா மடிச்சுப் போட்டுத்தானேம்மா அளப்பேன்?” என்றார் தையல்காரர், கொஞ்சமும் அசராமல்.

மகள் மறுபடி கூட்டினாள். அழுத முகத்தோடு சிரித்தாள். “நூத்தி எண்பத்தேழு! சீட்டு கிடைச்சிரும்ப்பா. ரெண்டு மார்க் கூடவே இருக்கு!”

“இருக்கட்டும்” என்றார் அவர். “தையலுக்கு ரெண்டு விடணுமில்ல?”