நாலு பேரோட பழக

“வீட்டுலயே வெச்சுப் பாடம் சொல்லிக் கொடுத்தா, பொண்ணுக்கு நாலு பேரோட பழகத் தெரியாமப் போயிடும்.” ஹாலில் அப்பா பல்லைக் கடித்தார்.

“பள்ளிக்கூடத்துல மட்டும் என்ன பழகிக் கிழிச்சா? வாயைத் திறந்தா பெஞ்சு மேல ஏத்தினாங்க.” அடுப்படியில் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

“மனுஷங்க முகத்தைப் பார்த்துப் பேசக் கத்துக்க வேண்டாமா?”

“அதெல்லாம் வீட்டுலயே கத்துக்குவா.”

மகளுக்கு மூச்சு வாங்கியது. பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்து ஒவ்வொரு வார்த்தையையும் சுமப்பவள் அவள்தான்.

“உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு...” அப்பா மறுபடி ஆரம்பித்தார்.

மகள் நகரவில்லை.

“நான் எங்க படிச்சா என்னப்பா? பேசிப் பழக, உங்க ரெண்டு பேரையும் எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறது?”