ஒத்துப்போன பதில்கள்

“தூக்கமா? அதுல நான் சக்கரவர்த்திம்மா! தலையணையில தலை படணும், அவ்ளோதான். விடிஞ்சாத்தான் முழிப்பு.”

கஸ்தூரிரங்கன் சிரித்துக்கொண்டே, ‘எனக்குத் தூக்கம் வருவதில்லை’ என்ற வரிக்கு நேரே ‘ஒருபோதும் இல்லை’ என்பதை டிக் செய்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஷ்ரேயாவுக்கு அப்பாடா என்றிருந்தது. காலையிலிருந்து மந்தைவெளியில் அவள் ஏறி இறங்கிய வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது இங்கே மட்டும்தான்.

வாசலில் மட்டும் ஒரு ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூ, தூசி தட்டித் துடைத்து வைத்திருந்தது. போன ஆடியில் பைக் விபத்தில் போய்விட்ட ஒரே பிள்ளை சுஹாஸுடையது.

வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களின் மனச்சோர்வை அளக்க ஷ்ரேயாவின் பேராசிரியர் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார். அதை நம்பலாமா, கூடாதா என்று சோதிப்பதுதான் இவள் வேலை. பேராசிரியருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. உங்கள் வருத்தத்தை நீங்களே எழுதுங்கள் என்றால் பாதிப் பேர் மழுப்புவார்கள் என்பார்.

அதனால் ஒரு கிடுக்கிப்பிடி வைத்திருந்தார். தன்னைப் பற்றி ஒரு தாள், கூட இருப்பவரைப் பற்றி ஒரு தாள். இரண்டு பேர் எழுதியதும் ஒத்துப்போனால் கேள்வித்தாள் பாஸ். மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் அந்த வாரமே டாக்டர் வீடு தேடி வருவார். தாண்டாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

“இப்போ மாமியைப் பத்தி எழுதுங்கோ மாமா.”

“அவளா? தூக்கத்துல என்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவா. ராத்திரி பூரா ஒரு தடவைகூடப் புரள மாட்டா!”

ஷ்ரேயாவும் சிரித்துவிட்டாள். இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஜானு மாமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமி எழுதி முடித்த தாள்கள் மேடையில் தயாராக இருந்தன. அவற்றிலும் அதே டிக், அதே வரிசை. எடுக்கப் போன ஷ்ரேயாவின் மணிக்கட்டை மாமி பிடித்தாள்.

“அவர்ட்ட மூச்சு விடமாட்டேன்னு சொல்லு.” ஷ்ரேயா தலையாட்டினாள். “என்னைப் பத்தி நான் எழுதினது அத்தனையும் பொய். கண்ணை மூடினா ஆஸ்பத்திரி வாசல்தான் வரது. குழந்தை போனதுலேர்ந்து நான் தூங்கவே இல்லைடி.”

“ஐயோ, அப்போ மாத்தி எழுதுங்கோ மாமி! டாக்டர் வருவார், மருந்து குடுப்பார்.”

“டாக்டர் வந்தா அவருக்குத் தெரிஞ்சுடுமே! புரண்டா எழுந்துடப் போறாரேன்னு கட்டையாட்டம் கிடக்கேன். முன்னெல்லாம் அவருக்குக் குறட்டையே கிடையாது. இப்போ ஆத்துச் சுவரே அதிர்றது, அப்படி அசந்து தூங்கறார். அந்தச் சத்தம் ஒண்ணைக் கேட்டுண்டுதான் நான் ராத்திரியைத் தள்றேன். அதையும் கெடுக்கச் சொல்றியா?”

ஷ்ரேயா மறுபடி மறுபடி கெஞ்சிப் பார்த்தாள். மாமி அசையவில்லை, பீன்ஸை எடுத்துக்கொண்டாள். ஒருவர் எழுதியதை இவளாகத் திருத்தவும் முடியாது, வெளியே சொல்லவும் கூடாது. வேறு வழியில்லாமல் நாலு தாள்களையும் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

படி இறங்குவதற்குள் பேராசிரியர் போனில் வந்துவிட்டார்.

“பிரமாதம் ஷ்ரேயா! ரெண்டு பேர் பதிலும் அச்சு அசலா ஒத்துப்போகுது. இனிமே இந்தக் கேள்வித்தாளைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். அந்த வீட்டுக்கு டாக்டர் தேவையில்ல, பேரை எடுத்துட்டேன்.”

கேட்டைத் திறந்துவிட கஸ்தூரிரங்கனும் கீழே வந்திருந்தார். ஷ்ரேயாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. குறட்டையைச் சாக்கு வைத்து இவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிட்டால் மாமியும் கூடப் போவாள். மாமியின் முகத்தைப் பார்த்தாலே எந்த டாக்டருக்கும் புரிந்துவிடும். மாமிக்குக் கொடுத்த வாக்கும் கெடாது.

“மாமா, உங்களுக்கு இப்போ குறட்டை ஜாஸ்தியாம், மாமி சொன்னா. அதை அப்படியே விடக்கூடாது. மாமியையும் அழைச்சுண்டு ஒரு நடை டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடுங்கோளேன், ப்ளீஸ்!”

கஸ்தூரிரங்கன் மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு ஏதும்மா குறட்டை? அவ முழிச்சுண்டு கேக்கறாளேன்னு விடறேன்.”