காலி வண்டியில் வராத சத்தம்

பிக்கப் வண்டியின் பின்சக்கர பேரிங் ஒரு வாரமாக அலறிக்கொண்டிருந்தது. பட்டறைக்கு வரும்போது மட்டும் டிரைவர் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்தார். மெக்கானிக் பின்னால் ஏறிப் படுத்து, தளத்தில் காதை வைத்துக்கொண்டு, டிரைவரை ஓட்டச் சொன்னார். சத்தமே இல்லை.

"இப்பக் கத்துடா! இல்லன்னா ரெண்டு பேரும் மலையில உடைஞ்சு போவோம்," என்றது சக்கரம்.

"பாரம் இல்லாம வலிக்க மாட்டேங்குதுண்ணே."

"சும்மாவாவது முனகித் தொலை."

பேரிங் முயன்று பார்த்தது. வலிக்காமல் அதற்குக் கத்த வரவில்லை.

"ஒண்ணுமில்ல, தைரியமா ஓட்டுங்க," என்று மெக்கானிக் இறங்கிக்கொண்டார்.

அந்த நிம்மதியில் டிரைவர் வழக்கத்தைவிடப் பத்து மூட்டை அதிகமாக ஏற்றினார். மலைப்பாதையில் பேரிங் அலறியது. டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

"கேக்குதாண்ணே?" என்றது பேரிங்.

"எனக்குக் கேக்குதுடா," என்றது சக்கரம். "எனக்குக் கேட்டு என்ன பண்றது?"