தலைக்கேறிய லுங்கி

மதராஸிலிருந்து கப்பலேறிப் போன கட்டம்போட்ட லுங்கி ஒன்று, கிரியோல் மொழி பேசும் கரீபியத் தீவு ஒன்றில் ஓவியர் யோலாந்தின் தூரிகை துடைக்கும் கந்தலாகக் காலத்தை ஓட்டியது. எதிரே அவள் வரைந்த படத்தில், ஹெட்போன் மாட்டிய பெண்ணின் தலையில் அதே கட்டத்தில் ஒரு தலைத்துணி.

“இந்தத் தீவு வழக்கத்துல, என் முடிச்சுல ஒரு நுனி நிமிர்ந்தா மனசு காலி, ரெண்டுன்னா ஆள் இருக்கு,” என்றது தலைத்துணி.

“எங்கூர்ல மடிச்சுக் கட்டினா சண்டை, இறக்கிவிட்டா மரியாதை. நாம ஒரே தறிதான், தங்கச்சி.”

“இடுப்புல கிடந்தவனெல்லாம் எனக்கு அண்ணனா?”

லுங்கி அடுத்த தூரிகையின் சாயத்தை வாங்கிக்கொண்டது. அதற்குத் தன் யோக்கியதை தெரியும்.

படம் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். தலைவாராத யோலாந்த் அவசரத்தில் கந்தலைத் தலையில் சுற்றி முடிந்தாள். வந்தவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு அவளைப் போட்டோ எடுத்தார்கள்.

“லுங்கி அண்ணே, என்னையும் பாக்கச் சொல்லுங்க,” என்றது தலைத்துணி.

“லுங்கியா? யாரது?” என்றது கந்தல், தன் ஒற்றை நுனியை நிமிர்த்திக்கொண்டு.