ஒரு நூல் தடிமன்

"பிடி கைக்குத்தான் தம்பி, உறைக்கு இல்ல!"

சொல்லிவிட்டு ஹெர்மன்னி கத்திப் பிடிக்கான ஒரு பிர்ச் மரக்கட்டையை இடுக்கியில் வைத்து இறுக்கினார்.

எதிரில் நின்ற யால்மாரிக்கு வியர்த்தது. "அது சரிதாங்க ஐயா. ஆனா உறையில உக்காரலைன்னா என் கதை கந்தலாயிடுமே. கொஞ்சம் மெலிசாப் போட்டுக் குடுங்களேன்."

"மெலிசாப் போட்டா ஈரக் கையில வழுக்கும். விரல் போயிடும். விரல் இல்லாத மாப்பிள்ளைய எவ கட்டுவா?"

யால்மாரி தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

ஃபின்லாந்தில் எங்கள் ஊர்ப்பக்கம், கல்யாண வயது வந்த பெண் ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் வெறும் கத்தி உறையைத் தொங்கவிட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வருவாள். அவளைப் பிடித்தவன் ஒரு கத்தி செய்து கொண்டுவந்து அதில் செருகவேண்டும். அவள் வாசற்படியிலிருந்து ஒரு குதி குதிப்பாள். கத்தி நின்றால் கல்யாணம். விழுந்தால் வந்த வழியே வீட்டுக்கு.

யால்மாரி ஆசைப்பட்டது ஹெர்மன்னியின் மகள் லொவீசாவின் உறைக்கு. கத்தியின் அலகை மட்டும் கொல்லர் அடித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் சுற்றுவட்டாரத்தில் கத்திக்கு மரப்பிடி போட ஹெர்மன்னியை விட்டால் ஆளில்லை. ஆகவே பெண்ணின் அப்பாவிடமே வந்து கெஞ்சவேண்டிய தலையெழுத்து.

இவனுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து போனார்கள். ஒருவன் பண்ணைக்காரர் மகன், இன்னொருவன் படகோட்டி. லொவீசா குதித்ததும் இரண்டு பேருடைய கத்திகளும் கீழே விழுந்தன. ஊரில் எல்லோரும் விதி என்றார்கள்.

விதியுமில்லை, ஒன்றுமில்லை. தச்சர் கணக்கில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கத்தியில் பிடியிலும் பாதி உறைக்குள் இறங்கவேண்டும். மகளுடைய உறையின் அளவு ஹெர்மன்னிக்கு மனப்பாடம். அதைவிட ஒரு நூல் தடிமனாகப் பிடி போட்டுவிட்டால் கத்தி பாதியிலேயே சிக்கி, அவள் குதித்ததும் விழுந்துவிடும்.

கெட்ட மனுஷர் இல்லை அவர். மனைவி போய் எட்டு வருஷமாகிறது. பட்டறையின் மறுகோடியில் லொவீசா உட்கார்ந்து தோலை நனைத்து, அச்சில் இழுத்து, உறை தைத்துக்கொண்டே ஓயாமல் பேசுவாள். அவளும் போய்விட்டால் அரத்தின் சத்தம்தான் மிஞ்சும். அதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பிடி முடிந்தது. லொவீசா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"யால்மாரியோடதா அப்பா?"

"ம்."

"அழகா இருக்கு. கொஞ்சம் தடிமனா இல்ல?"

"பிடி கைக்குத்தான், உறைக்கு இல்ல."

"எல்லார்கிட்டயும் இதையே சொல்லுங்க!"

கத்தியைக் கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரோடு நீராவிக் குளியல் குடிசைக்குப் போய்விட்டாள்.

ஹெர்மன்னிக்குச் சுருக்கென்றது. முதல் இரண்டு கத்திகள் விழுந்த அன்று இவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, இரண்டு தட்டுக் கஞ்சி குடித்தவள். இன்றைக்கு முகத்தில் சிரிப்பே இல்லை. குடிசையில் உட்கார்ந்து அழத்தான் போயிருக்கிறாள்!

'அட பாவி மனுஷா, பெத்த பொண்ணு மனசு தெரியாம என்ன வேலை பண்ணிக்கிட்டிருக்கே?' என்று தன்னையே திட்டிக்கொண்டார். உளியை எடுத்தார். சுற்றிலும் சீவி, ஒரு நூல் குறைத்து, தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினார். கண் கலங்கியது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து ஊரே தேவாலய வாசலில் கூடி நின்றது. யால்மாரி கத்தியை லொவீசாவின் உறையில் செருகினான். சர்ரென்று இறங்கியது. ஹெர்மன்னி நிம்மதியாக மூச்சு விட்டார். லொவீசா அவரைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்துவிட்டு, படியிலிருந்து குதித்தாள்.

கத்தி புல்லில் விழுந்தது.

யால்மாரியின் முகம் செத்துப்போயிற்று.

"அதெப்படி விழும்?" ஹெர்மன்னி அலறியே விட்டார். "நேத்து சாயங்காலம்தானே ஒரு நூல் சீவினேன்!"

"சீவினீங்களா?" லொவீசா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அப்பா! நீங்க போட்ட தடிமனுக்குச் சரியா இருக்கட்டும்னு நான் உறையை ஊறப்போட்டு, கட்டையைச் செருகி, ஒரு நூல் விரிச்சு வெச்சேனே!"

கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் கூரையிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. மணியடிக்கும் ஆன்டெரோ மட்டும் சிரிக்கவில்லை. ஊர் வழக்கத்துக்குக் காவல்காரர் அவர்தான்.

"சீவினதும் விரிச்சதும் உங்க வீட்டுப் பாடு. விழுந்தது விழுந்ததுதான். உறை ஏத்துக்கல. தம்பி, நீ கிளம்பு!"

யால்மாரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

லொவீசா குனிந்து கத்தியை எடுத்தாள். விரல்களை மடக்கிப் பிடித்தாள். அளவெடுத்துச் செய்தது போல அது அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது. இன்னொரு கையால் யால்மாரியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிடி கைக்குத்தான் ஆன்டெரோ ஐயா, உறைக்கு இல்ல! சந்தேகமா இருந்தா எங்க அப்பாவையே கேட்டுப் பாருங்க!"