பிசகாத கணக்கு

அந்த அறையில் கணக்குப் போடும் இரண்டு சர்வர் கணினிகள் இருந்தன, பழசு ஒன்று, புதுசு ஒன்று. வேலை பங்கிடும் மேஸ்திரி நிரல் எல்லாவற்றையும் பழசிடமே கொடுத்துவிடும். புதுசு, பாவம், வந்த நாளிலிருந்து சும்மா கிடந்தது.

"என்னை அவங்க நம்பலையா அண்ணே?" என்று பழசிடம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் மேஸ்திரிக்குச் சோதனை வைத்தார்கள். பழசு நிரம்பினால் அடுத்த வேலை புதுசுக்குப் போகிறதா என்று பார்க்க, பொய்க்கணக்குகளாகக் கொட்டினார்கள். தான் போட்ட விடையெல்லாம் யாரும் பார்க்காமல் நேரே குப்பைக்குப் போனதைப் பழசு கவனித்தது.

கடைசியில் ஒரு கணக்கு புதுசுக்கு வந்தது. விசிறி அலற, உடம்பெல்லாம் கொதிக்க, ஆசை ஆசையாகப் போட்டு முடித்தது. அந்த விடையும் குப்பைக்கே போனது.

"அண்ணே, என் விடையைப் பார்த்தாங்களா?"

பழசு குப்பையை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"பார்த்தாங்கடா தம்பி. ஒரு புள்ளிகூடப் பிசகலையாம்."